காரணம் என்ற கட்டம்

டுலூத் மைதானத்தின் இடப்பக்க வேலி,
அதற்கப்பால் ஒரு தெரு,
தெருவுக்கு அப்பால் என் கடை.
கார்க் கண்ணாடி மாற்றித் தரப்படும்.
என் ரசீதில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
ஆலங்கட்டி, கல், மான், மாமியார்:
எல்லாம் எழுதியிருக்கிறேன்.

மே மாதம் லைல் ஹவ்ரிலாக் வந்தான்,
தாதுக் கப்பலில் வேலை பார்த்த தோள்களோடு.
கதவைக் கழற்றிக்கொண்டு போக வந்தவன் போல
மட்டையைப் பிடித்திருந்தான்.

முதல் பந்து பாதிரியார் ஆமோட்டின் நீல பிளிமத்தில்.
இரண்டாவது, சலவைக்கடை ஜன்னலில்.
மூன்றாவது அகப்படவேயில்லை.
ஏரி விழுங்கிவிட்டது என்றார்கள்.
ஏரி அரை மைல் தள்ளி.
யாரும் மறுத்துப் பேசவில்லை.

இங்கே கார் நிறுத்தாதீர் என்று பலகை வைத்தார்கள்.
அதன் பிறகுதான் இடமே கிடைக்காமல் போனது.
ஜூனில் ரசீதுப் புத்தகம் தீர்ந்தது.
காரணம்: லைல். காரணம்: லைல்.
மேற்படி. மேற்படி.

ஆகஸ்டில் பெரிய லீக்குக்குக் கூப்பிட்டார்கள்.
கடை ரேடியோவில் கேட்டேன்.
நாலு நாளில் மூன்று ஹோம் ரன்.
ஐந்தாம் நாள்
தொப்பை விழுந்த இடக்கைக்காரன் ஒருவன்
ஒரு பந்து போட்டான்,
சோம்பலாக.
தோளைப் பார்த்துக் கிளம்பி
முழங்காலுக்குக் கீழே போய் உட்கார்ந்தது.
அது வந்து சேருமுன்
லைல் வீசி முடித்திருந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது?
ஒரே வாரத்தில் லீக் முழுக்க அதே வளைவு.
வேகப்பந்து என்றொன்றை
எல்லோரும் சொல்லிவைத்து மறந்தார்கள்.
மொத்தம் இருபத்தாறு ஆட்டம்.
முப்பத்தொன்பது முறை வெறுங்காற்று.

அடுத்த மே மாதம் இங்கேயே திரும்பினான்.
அவனுக்கு முன்பே செய்தி பஸ் ஏறி வந்திருந்தது.
தெருவில் கண்ணாடிகள் முழுசாக நின்றன.
அவனுக்காகவா, என் கல்லாவுக்காகவா,
ராத்திரி பத்து வரை கடையைத் திறந்து வைத்திருந்தேன்.
ஜூலையில் அவன் சட்டை எண்ணை
வேறு யாரோ போட்டிருந்தார்கள்.

பதினோரு வருடம்.
ஜல்லி லாரி ஒன்று வாசலில் நின்றது.
கண்ணாடியில் சிலந்தி அளவு விரிசல்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.
"முன்னால போன வண்டி. கல்லு தெறிச்சது."

விரிசலுக்குள் நான் பிசின் ஏற்றும்போது
சுவரில் சட்டமிட்டிருந்த பழைய ரசீதைப் படித்தான்:
பிளிமத், நாற்பத்திரண்டு டாலர்.
"அது நேரா வந்துச்சு" என்றான்,
செத்துப்போன சிநேகிதனைப் பற்றிச் சொல்வதுபோல.

காசு வேண்டாம் என்றேன்.
சில்லறை உட்பட எண்ணி வைத்தான்.
ரசீது கேட்டான், கம்பெனிக்குக் காட்ட வேண்டுமாம்.
பெயர்: லைல் ஹவ்ரிலாக்.
காரணம் என்ற கட்டத்திலும்
கை பழக்கத்தில் அதையே எழுதிவிட்டது.

எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"அடிச்சிரு" என்றான்.

நான் அடிக்கவில்லை.