நாற்பத்தேழாம் எண்

கௌனாஸில் புறப்படும்போதே சொல்லிவிட்டேன்:
கடல் என்றால் வருகிறேன், ஏரி என்றால் வருகிறேன்.
கார் பார்க்கவா இத்தனை தூரம்?
நம் தெருவில் ஓடாத காரா?

ரிமாஸ் பதில் பேசவில்லை.
வரைபடத்தைத் தொடைமேல் விரித்து
ஒரு வளைவைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டான்.
தாலினில் கப்பலேறும்போதும்
அந்த வட்டத்தையே தடவிக்கொண்டிருந்தான்.

பின்லாந்தில் ஆகஸ்டு மாதம்.
நாலரைக்கே வெளிச்சம் கூடாரத்துக்குள் நுழைந்து
எல்லாரையும் எழுப்பிவிட்டது.
வழியில் ஒருத்தி
அறுத்த வைக்கோல் வயலைக் கார் நிறுத்த விட்டிருந்தாள்.
பத்து யூரோ.
நோட்டை மடித்து ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டாள்.
பெயர் தெல்லெர்வோ என்று
உக்னே எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.
அவள் பேச்சு எங்களுக்கும், எங்கள் பேச்சு அவளுக்கும்
துளியும் ஒட்டவில்லை.
அவள் நீட்டிய ஏலக்காய் ரொட்டி மட்டும்
சூடாக ஒட்டிக்கொண்டது, விரல்களில்.

காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர்.
கொசு, பாசி, மறுபடியும் கொசு.
மேட்டில் கட்டிய நாடாவுக்குப் பின்னால்
மடக்கு நாற்காலிகளில் நூறு பேர்,
மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல
ஒரே திசையைப் பார்த்தபடி.

முதலில் வந்தது சத்தம்,
தொலைவில் யாரோ தடித்த துணியைக் கிழிப்பதுபோல.
பிறகு சரளை மேட்டின் தலையில்
நான்கு சக்கரமும் நிலத்தை விட்டு ஒரு கார்.
அதன் வயிற்றைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் புழுதி.

மூன்று நொடி.
அந்த மூன்று நொடியும் யொகூபாஸ்
புதருக்குள் குனிந்து புளூபெர்ரி பறித்துக்கொண்டிருந்தான்.
நிமிர்ந்தபோது நாக்கு நீலம்.
"வந்துடுச்சா?"

இரண்டு நிமிடம் காடு.
மூன்று நொடி கார்.
இரண்டு நிமிடம் காடு.
நான் காட்டைத்தான் பார்க்க வந்தேன் என்று
எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.
ரிமாஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும்
முதல் தடவைபோல மூச்சைப் பிடித்தான்.

வேகமானவை எல்லாம் போய்விட்டன.
பாதிக் கூட்டம் சாசேஜ் கடைக்குப் போனது.
அப்போது வந்தது நாற்பத்தேழு.
வெள்ளை, சின்னது, பழையது,
ஒரு பக்கக் கண்ணாடிக்குப் பதில் ஒட்டுநாடா.
வளைவில் வால் வீசியது,
வீசியதை நிறுத்தத் தெரியாமல்
ஓடைப் பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.
மேலே நின்ற சக்கரங்கள் சும்மா சுற்றின.

யார் சொல்லி ஓடினேன் என்று தெரியவில்லை.
என் பை எங்கே விழுந்தது என்றும்.
ஒருவன் கொடியோடு மேட்டுக்கு ஓடினான்.
நாங்கள் ஏழெட்டுப் பேர் கூரைப்பக்கம் கைவைத்தோம்.
எஞ்சின் பக்கத்திலிருந்து கொதி.
நசுங்கிய பன்னச்செடியும் பெட்ரோலும் கலந்த வாடை.
தொப்பிக்காரன் ஒருவன் என் காதருகே கத்தினான்:
யுக்சி! கக்சி! கோல்மே!
பின்னிஷ் மொழியில் மூன்றுவரை
நான் கற்றது அப்படித்தான்.

தூக்கினோம். ஆடியது. திரும்ப எங்கள்மேல் சாய்ந்தது.
மறுபடியும் கோல்மே.
நாலு காலில் தொப்பென்று நின்றது.
உள்ளே தலைக்கவசத்துக்குள் ஒரு பெண்,
மடியில் இருந்த நோட்டில்
விட்ட வரியை விரலால் தேடிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
பார்க்க நேரம் ஏது?
கிளம்பியபோது வாய் நிறைய மண் தந்துவிட்டுப் போனது.

மேட்டில் ரிமாஸ் கேமராவோடு நின்றான்.
படம் எடுத்தாயா?
இல்லை, மறந்துவிட்டேன்.
கயிற்றைத் தாண்டலாமா கூடாதா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள்...
யொகூபாஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து
பெர்ரியெல்லாம் கொட்டிவிட்டான்.

இரவு, போர்வைக்குள் போனைத் திறந்து தேடினேன்.
ஓடி முடித்தவர்கள் ஐம்பத்தொரு பேர்.
நாற்பத்தேழாம் எண், ஐம்பத்தொன்றாவது.
இரண்டு தடவை படித்தேன்.
யாரையும் எழுப்பவில்லை.

திரும்பும் கப்பலில்
குழந்தைகள் தூங்கிய பிறகு
கடலைப் பார்த்தபடி ரிமாஸ் கேட்டான்:
கையில் தொட்டபோது சூடாக இருந்ததா?
இருந்தது என்றேன்.
எவ்வளவு சூடு?
சொல்லவில்லை.
கொஞ்சம் எனக்கென்று
வைத்துக்கொண்டேன்.