தொண்ணூற்றெட்டு

செங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி
ஆண்கள் வார்டுக்கு
இந்த ஆனியில்தான் வந்தன
பன்னிரண்டு கைப்பட்டைகள்.
மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பெட்டி,
அதிலிருந்து விரலுக்கு ஒரு ரப்பர் உறை,
உறைக்குள் பொட்டளவு சிவப்பு வெளிச்சம்.
ரத்தம் எவ்வளவு மூச்சைச் சுமக்கிறதென்று
ஊசி குத்தாமல் விசாரித்து
என் மேசைத் திரைக்குச் சொல்லிவிடும்.
பத்துதான் ஓடுகிறது.
ஒன்றுக்குச் சார்ஜர் வரவில்லை.
இன்னொன்றைக் கடிகாரமென்று நம்பி
யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

நாலாம் கட்டில், மாடக்கண்ணு.
கிரஷரில் பதினெட்டு வருசம்.
அவர் பொடித்த மலை
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு
ராத்திரி ராத்திரியாகப்
புளியரைச் செக்போஸ்ட் தாண்டிக்
கொல்லத்துப் பக்கம் வீடுகளாக நிற்கிறது.
போகாமல் தங்கிய கொஞ்சம்
எக்ஸ்ரேயில் தெரிகிறது.

சுட்டுவிரல் நகம்
கல் விழுந்து கறுத்தது, வெளிச்சம் நுழையவில்லை.
மோதிர விரல் ஒத்துக்கொண்டது:
எண்பத்தாறு.
ஆக்சிஜன் வைத்தால் தொண்ணூறு.
குழாயைக் கழற்றிவிட்டுத்
தலையணைக்கடியில் பீடி தேடினால்
எண்பத்து மூன்று.

“எப்ப விடுவீய சிஸ்டர்?”
“குழாய் இல்லாம தொண்ணூத்திரண்டு நிக்கணும்.”
டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன்.
விலை கேட்டவர் போலத்
தலையாட்டிக்கொண்டார்.

ஐந்தாம் ராத்திரி.
சாரல் ஜன்னல் கம்பிவழி வந்து
கேஸ் ஷீட்டுகளை நனைத்தது.
இரண்டு மணிக்குத் திரையில்
நாலாம் கட்டிலுக்கு நேரே
தொண்ணூற்றெட்டு.
நீல மையில் எழுதினேன், கொஞ்சம் அழகாகவே.
நாடித்துடிப்பு எழுபத்து நான்கு என்றிருந்தது.
நூற்றெட்டுக்குக் கீழே
ஒரு நாளும் இறங்காத மனிதர்.
பார்த்தேன்.
தூக்கக் கலக்கம்,
நல்ல சேதியை ஏன் கிளறுவானேன் என்றது.

மூன்றுக்குத் ‘தொடர்பு இல்லை’.
இது வழக்கம்தான்.
திரையை ஒரு தட்டு தட்டினேன்.
பத்து நிமிசம் கழித்துத் திரும்பி வந்தது:
தொண்ணூற்றெட்டு, துடிப்பு நூற்று இருபத்தொன்று.
படுத்திருப்பவருக்கு வரும் துடிப்பில்லை இது.
யாரோ படியேறுகிறார்கள்.

ஓடினேன்.
கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்,
உதடு நாவல்பழ நிறத்தில்.
மணிக்கட்டு வெறுமை.
குழாய் கால்மாட்டில் சுருண்டு
மின்விசிறிக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தது.

மூக்கில் மாட்டி, நாலு லிட்டர் திறந்து, டாக்டரை அழைத்து
நிமிர்ந்தால்
வாசலில் ஆவுடைத்தாய்.
கையில் பஸ் ஸ்டாண்ட் டீ, பிளாஸ்கில்.
சேலை ஓரம் சொட்டுகிறது.
பச்சைக் கண்ணாடி வளையலுக்கு மேலே
எங்கள் பட்டை,
நனையாமல் இருக்க
முந்தானை சுற்றி.

“அவுகதான் மாட்டிவிட்டாவ.
மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா
ஆள மாத்திருவாங்களாம்.
டீ வாங்கப் போறப்ப கழட்ட மறந்துட்டேன்.”

வைய வாயெடுத்தேன்.
வார்த்தைக்குப் பதில் தும்மல் வந்தது.
அவள் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள்.
குடித்தேன்.

ரெஜிஸ்டரில் மேலே எழுதக் கூடாது.
ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்து.
கோட்டுக்கடியில் அந்த எண்
நன்றாகவே வாசிக்க முடிந்தது.

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று
அவர் மெல்ல ஏறத் தொடங்கியபோது
அவள் என் மேசைக்கு வந்தாள்.
“தொண்ணூத்தெட்டு நல்லதா சிஸ்டர்?”
“நல்லது.”
“நானும் அங்கதான் ஜல்லி அள்ளுதேன்.”
“எத்தன வருசமா?”
“இந்த ஆடி வந்தா ஆறு.”

பதினெட்டிலிருந்து ஆறைக் கழிக்க
எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை.
வெளியே கொல்லம் ரோட்டில்
பாரம் ஏற்றிய லாரி ஒன்று
மேட்டுக்குக் கியர் மாற்றியது.
அவள் விரலில்
உறை அழுத்திய தடம்
இன்னும் போகவில்லை.
அதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.