தனிப்பட்ட முறையில்

மூன்று நிமிடம் என்பது விதி.
டொரீன் வஷெக் பேசியது
ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி.

ஹார்லன் க்ரீக், மிச்சிகன். பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
நகர்மன்றத்தில் பதினோரு பேர்,
அதில் இருவர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.
டொரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சாலைப் பனிக்குப் போடும் உப்பு
யார் லாரியில் வருகிறது,
அந்த லாரி தலைவருக்கு என்ன உறவு முறை
என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.
மச்சினன் என்ற சொல் வருமுன்
தலைவர் என்னைப் பார்க்காமலே
மேசையை ஒற்றை விரலால் தட்டினார்.

நான் மைக்கை அணைத்தேன்.

மைக் இல்லாமலும் அவள் குரல் அறைக்குக் கேட்டது.
பதிவில் கேட்காது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
'திருமதி வஷெக் கருத்துத் தெரிவித்தார்.'

ஏப்ரலில் கதவைத் தட்டியவன்
என் பெயரை மூன்று தவணையில் சொன்னான்.
அலுவலகத்தில் நான் மார்ஜி.
மேசைப் பலகையிலும் மார்ஜி.
வழக்குத் தாளில்தான்
மங்கையர்க்கரசி சுந்தரவடிவேல்,
ஓர் எழுத்துப் பிசகவில்லை.
பக்கத்தில்: தனிப்பட்ட முறையில்.
நகரம் இல்லை, பதவி இல்லை. நான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று
காரில் உட்கார்ந்து சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.
அம்பு இரண்டு வாரத்துக்கொருமுறை சம்பளம் வாங்குவதில்லை.
அதற்குப் பல் காப்பீடும் கிடையாது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம்;
என் சோற்றில் உப்பிட்டது தலைவரா,
வீட்டு வரி கட்டுகிற டொரீனா?

கணவர் கேட்டது ஒன்றுதான்:
"வீடு போய்விடுமா?"

நகரத்தின் வக்கீல் நல்ல மனிதர்.
பெப்பர்மின்ட் நீட்டினார்.
"இதே மாதிரி ஒரு கூட்டத்தில்
இதே மாதிரி ஒரு மைக்கை
ஓர் எழுத்தர் அணைத்து,
அது தவறென்று நீதிமன்றம்
முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை என்றால்
உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.
தெரியாதவருக்குக் காப்பு உண்டு.
மிஞ்சிப் போனால் நகரம் கட்டிவிடும்."

நகரம் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.
தன் வாயை அடைத்ததற்கு
டொரீனே தவணை கட்டுவாள்.

ஒளிய இடமிருக்கிறது. கதகதப்பான இடம்.
ஆனால் பொத்தானைத் தொடுமுன்
கடிகாரத்தைப் பார்த்தேனே.
ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி மீதி.
பார்த்த பிறகுதான் அழுத்தினேன்.
அதற்கு எதற்கு முன்வழக்கு?

நாளை வாக்குமூலம்.
கேட்டதற்கு மட்டும் பதில், சுருக்கமாக,
என்று வக்கீல் எழுதித் தந்திருக்கிறார்.
இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் தொங்குகிறது.

நவம்பரின் முதல் பனி.
இரவு பதினொன்றுக்கு லாரி போகிறது
உப்பை இறைத்துக்கொண்டு.
அதே லாரி.
சன்னலோரம் நின்று
என் பெயரை முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.
மூன்று நொடிகூட ஆகவில்லை.