தகர எழுத்து

வெள்ளக்கல் கரட்டடி, ரயில் சைடிங்.
மூட்டைக்கு ஊர் எழுதுவது என் வேலை.
இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.
வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து
மை தோய்த்த துணியால் ஒற்றினால்
ஊர் தானாக வந்து விழும்.

இரண்டு கம்பம், நடுவே குறுக்குச் சட்டம் என்றால் ஹாம்பர்க்.
ஒற்றைக்காலில் நிற்கும் தராசு, ட்ரியெஸ்ட்.
பிறை வளைந்து நாக்கு மடிந்தால் ஜெனோவா.
லண்டனுக்கு ஆசாரியின் மூலைமட்டம்.

நல்லக்காளும் அவள் மகன் செங்கோடனும்
கூடை கூடையாய்ச் சுமந்து கொட்டிய கல்
எல்லா ஊருக்கும் ஒரே வெள்ளை.
"இத வாங்கி என்ன பண்றான்?" என்றாள் ஒருநாள்.
இரும்பு உருக்கும் உலைக்கு உள்சுவர் வைப்பானாம்,
எந்தச் சூட்டுக்கும் இளகாதாம் என்றேன்.
"சித்திரையில இந்தக் கரட்டுமேல நடந்து பாத்துட்டுச் சொல்லு."

ஆடி.
கோட்டை மாரியம்மனுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள்.
சூரமங்கலத்துத் தந்தி மாஸ்டர் ரொசாரியோ
எங்கோ ஓர் இளவரசனைச் சுட்ட கதை சொன்னார்.
சுட்டவன் பக்கத்து ஊரை இவன் மிரட்ட
அந்த ஊருக்கு அண்ணன் என்று ஒருவன் எழ
இவனுக்கு மாமன் என்று ஒருவன் எழ
மாமனுக்குப் பயந்து முன்பே
கை நனைத்துக்கொண்ட இன்னொருவன்,
அவனுக்கு வாக்குக் கொடுத்த நம் துரைமார்...
எண்ணிக்கொண்டே வந்தவருக்கு விரல் போதாமல்
என் கையை இரவல் வாங்கினார்.

எனக்கு இது புதிதில்லை.
கருப்பூர்ப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு.
ஆடு மேய்ந்ததில் தொடங்கி
பங்காளி, பங்காளியின் சம்பந்தி,
சம்பந்திக்குக் கடன்பட்டவன் வரை
தடியோடு வந்து நின்ற அன்று
ஆட்டை யாரும் தேடவில்லை.

மத்தியானம் மேனேஜர் ஓடி வந்தார்.
ஹாம்பர்க்கை நிறுத்து.
நானூறு மூட்டை, மை காயவில்லை.
சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தைத்து
மூலைமட்டத்தை ஒற்றினேன்.
வெயிலில் சாய்த்துப் பார்த்தால்
லண்டனுக்குப் பின்னால் ஹாம்பர்க் தெரிந்தது.

அதே மாதத்தில் தராசும் எதிரி.
ஐப்பசியில் துருக்கி அந்தப் பக்கம்.
செவ்வாய்ப்பேட்டை வண்டிக்காரர் பீரான் சாயபு
வெள்ளிதோறும் எந்த சுல்தானுக்காகக் கையேந்தினாரோ
அவர் இப்போது பகையாளி என்றார்கள்.
சாயபு பதில் சொல்லாமல்
அச்சாணிக்கு மசகு போட்டுக்கொண்டே இருந்தார்,
அன்றைக்குத் தேவையானதைவிட ரொம்ப நேரம்.
முப்பது வருஷம் எதிரியோடு கைகோத்த ஜெனோவாக்காரன்
வேடிக்கை பார்த்தான், பேரம் பேசினான்,
வைகாசியில் நம் பக்கம் வந்தான்.
பிறைத் தகரத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

செங்கோடன் கோவேறு கழுதை மேய்க்க
பஸ்ராவுக்குப் போனான்.
அங்கிருந்து ஒரு கார்டு:
இங்கேயும் வெயில்தான், நம்ம கரடு மாதிரி.
அதற்குப் பிறகு வந்தது அச்சடித்த காகிதம்.
ரொசாரியோதான் வாசித்தார்.
பீரங்கிக் குண்டு என்றிருந்தது.

அந்த இரும்பு எந்த உலையில் உருகியது,
உலைச்சுவர்க் கல் எந்த வருஷத்து மூட்டை,
எந்தக் கூடை?
கணக்குப் போட்டால் ஒருவேளை வரும்.
நான் போடவில்லை.
நல்லக்காள் கேட்கவும் இல்லை.
பதினாறாம் நாள் காரியம் முடிந்து
மறுநாள் வேலைக்கு வந்தாள்.

சண்டை ஓய்ந்து சில வருஷம்.
புது மேனேஜர், இளவயசு.
"ஹாம்பர்க் தகரம் வைத்திருக்கிறாயா?"
மைச்சட்டிக்கு அதுதான் மூடி.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே துரு அடைத்திருந்தது.
ஆணியால் சுரண்டினேன்.

கூடையை இறக்கிய நல்லக்காள்
குனிந்து பார்த்தாள்.
"எந்த ஊருக்கு?"
"பழைய ஊருதான்."
"கூலி ஏத்துவானா?"
"கூடைக்குக் காலணா கூட."

சும்மாட்டை உதறி மறுபடி சுருட்டினாள்.
நான் துணியை மையில் தோய்த்தேன்.
கை நடுங்கி
முதல் கம்பம் கோணலாக விழுந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.