சொட்டுக் கணக்கு

திங்கள் பதினொன்று.
செவ்வாய் பதினேழு.
கன்றுகளுக்குப் பால் பவுடர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டியின் வயிற்றுக்கு நேராக விரித்திருந்தேன்.
நீல மேஜர், ஐம்பத்து நாலாம் வருடத்து வண்டி.
இரவெல்லாம் அதில் ஏதோ எழுதியது.

சனிக்கிழமை கார்மெலோவிலிருந்து அபெலார்தோ வருகிறார்,
கையில் ரொக்கத்தோடு.
பால் குளிரூட்டும் தொட்டிக்கு மோட்டார் வாங்கவேண்டும் எங்களுக்கு.
போனில் கேட்டார்: "எண்ணெய் சிந்துமா?"
"கொஞ்சம்" என்றேன்.
கொஞ்சம் என்பது
நுவேவா எல்வேசியாவில் பெரிய அளவு.

சொட்டு விழும் இடத்தில் ஓட்டை இருப்பதில்லை.
மேலே எங்கோ கசிந்து, காற்றாடியின் காற்றில் பின்னுக்கு ஒதுங்கி,
ஒவ்வொரு போல்ட்டிடமும் நின்று நலம் விசாரித்து,
கடைசியில் பாவம், சம்ப்பின் தலையில்
பழியைப் போட்டுவிட்டு விழும்.

ஜூலை. தெற்குக் காற்று கொட்டகைத் தகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது.
மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, வில்மாரின் கிழிந்த உள்பனியன்.
தேய்க்கத் தேய்க்க
கறுப்புக்கு அடியில் ஒரு நீலம் வந்தது.
இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன்,
அந்த நீலத்தைப் பார்த்ததில்லை.

காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவினேன்,
சின்னவளுடையது, லாவெண்டர்.
பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
வெள்ளையில் கறுப்புக் கோடுகள்:
வால்வு மூடியில். டைமிங் மூடியில். கிராங்கின் பின் சீல் பக்கம்.
எங்கிருந்து என்று கேட்டேன்.
எங்கிருந்தும் என்றது.

வில்மாருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: "இறுக்கு."
இறுக்கினால் கார்க் பிதுங்கும்,
பிதுங்கிய இடத்தில் அடுத்த ஊற்று.
அவரை மாத்தே குடிக்க அனுப்பிவிட்டு
புது கார்க் வெட்டினேன், சமையல் கத்தரியால்,
சீட்டுக்கட்டு அட்டையில் மாதிரி எடுத்து,
ராத்திரி பதினொன்றரை வரை.

புதன்: இருபத்து மூன்று.

கெட்டவார்த்தையில்
என் சுவிஸ் பாட்டனாருக்கும் தெரியாததைச் சொன்னேன்.

வியாழன் சாயங்காலம் வேறெதற்கோதான்
எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன், எஞ்சின் ஓடும்போதே.
உள்ளங்கையை வைத்தேன்.
கையைத் தள்ளியது.
உள்ளே இவ்வளவு காற்று ஏன் அடைந்துகிடக்கவேண்டும்?

மூச்சுக்குழாயைக் கழற்றித் தட்டினேன்.
மண்.
ஸ்குரூ டிரைவரால் குத்தினேன்.
குளவி கட்டிய அறைகள், நாலு.
ஒவ்வொன்றிலும் காய்ந்த சிலந்திகள்,
பிறக்கப்போகும் பிள்ளைக்கு எடுத்துவைத்த சோறு.
எந்தக் கோடையில் கட்டியதோ,
பிள்ளை பறந்ததோ என்னவோ.
மேலே போக வழியில்லாத காற்று
இடுக்கு இடுக்காக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது,
நான் ஒன்றை அடைக்க
இன்னொன்றுக்கு நகர்ந்து.

வெள்ளி: இரண்டு.
சனி: ஒன்றுமில்லை.

அபெலார்தோ பெரே தொப்பியைக் கழற்றி
முழங்காலிட்டார்.
அட்டையைப் பார்த்தார். அடியில் கையை விட்டுத் தடவினார்.
விரலை முகர்ந்தார். லாவெண்டர்.
"சிந்தாத மேஜரை நான் பார்த்ததே இல்லை, சென்யோரா.
உள்ளே எண்ணெய் இருக்கிறதா?"
டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். விளிம்பு வரை.
"அப்படியென்றால் எதையோ மறைக்கிறீர்கள்."
சீஸ் இரண்டு துண்டு சாப்பிட்டார்,
மாட்டுக்கு மழை போதுமா என்று விசாரித்தார்,
ரொக்கத்தோடு திரும்பிப் போனார்.

வில்மார் சிரித்த சிரிப்பில்
மாத்தே மூக்கில் ஏறிவிட்டது.
நான் சிரிக்கவில்லை.
தொட்டி மோட்டார் அன்றைக்கு மூன்றாவது முறையாக நின்றிருந்தது.

ஞாயிறு காலை, கோவில் மணிக்கு முன்னால்,
அட்டையின் இடது ஓரத்தில் ஒன்று.
உருண்டை, கறுப்பு, விளிம்பு பிசகாமல்.
பின் ஆக்ஸில் பக்கம். அது வேறு எண்ணெய்,
அதற்கு வேறு வாரம் வேண்டும்.

கை துடைக்காமலேயே கார்மெலோ எண்ணை அழுத்தினேன்.
"சொட்டுகிறது" என்றேன்.
அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.
"எவ்வளவு?"
"கொஞ்சம்."