இரண்டு தடவை வந்த ஒரு மணி

பேருந்து லீட்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டதால்
ஹல் நகருக்குள் நான் நுழைந்தபோது
வெள்ளிக்கிழமை அநேகமாய்த் தீர்ந்துபோயிருந்தது.
நிலையத்தின் வளைந்த கூரைக்குக் கீழே
மழைக்கோட்டுக்குள் கைவிட்டபடி டாம்சின்.
டண்டீயில் முதல் வருடம் முழுக்க
என் சுவருக்கு அந்தப்பக்கம் இருமியவள்.
"மெலிஞ்சிட்டே" என்றேன்.
"உனக்குக் கண்ணாடி வேணும்" என்றாள்.

இங்கே தொலைபேசிக் கூண்டுகள் சிவப்பில்லை,
பாலாடை நிறம்.
ஃபோன் என்று சொல்லாதே, ஃபேர்ன் என்று சொல்,
அப்போதுதான் உள்ளூர்க்காரர் ஒத்துக்கொள்வார்கள் என்றாள்.
சொல்லிப் பார்த்தேன்.
எதிரே வந்த கிழவர் நாயை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
நாய் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஊர் காட்டினாள்.
பச்சை இஞ்சி நிலம் என்று ஒரு தெருவுக்குப் பெயர்.
பச்சையும் இல்லை, இஞ்சியும் இல்லை,
வக்கீல் அலுவலகங்கள், ஒரு மதுக்கடை.
பெயர்க் காரணம் மூன்று சொன்னாள்,
மூன்றும் அந்த நிமிடத்தில் முளைத்தவை.
சிப்ஸின் மேல் செம்பொடி ஒன்றைத் தூவித் தந்தார்கள்.
காரம், பார்த்துச் சாப்பிடு என்றாள்.
மிளகாய்க்குத் தூரத்துச் சொந்தம் அது,
கல்யாணத்துக்கு மட்டும் வந்துபோகிற வகை.

ஹம்பர் கரையில் காற்று காதைப் பிடித்துத் திருகியது.
ஆறா கடலா என்று இன்னும் முடிவெடுக்காத தண்ணீர்,
பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில்.
சேற்றில் சின்னச் சின்னப் பறவைகள்
தைக்கிற ஊசிபோல் குத்திக் குத்தி நடந்தன.
என்ன பறவை என்று கேட்டேன்.
கடல் உயிரியல் படிக்கிறவளிடம்
வேறென்ன கேட்பது?
"தெரியல."
கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.
அவள் விரல் நுனிகளில் காய்ந்த பசை
மீன்செதில்போல் உரிந்துகொண்டிருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.

இரவு பதினொன்றுக்கு மீட்டர் இரண்டு முறை கீச்சிட்டு
வீட்டை அணைத்துவிட்டது.
பிளாஸ்டிக் சாவியை எடுத்துக்கொண்டு
மூலைக்கடைக்கு ஓடினோம்.
ஐந்து பவுண்டு நான் கொடுத்தேன்.
கடைக்காரர் ஹிவா சில்லறை தேடிக்கொண்டே
"இன்னிக்கு நைட் ஷிஃப்ட் இல்லையா?" என்றார்.
"மாத்திக்கிட்டேன்" என்றாள் அவரிடம்.
என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பும் வழியெல்லாம்
சாவியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குக் கடிகாரங்கள் பின்னால் போகிற இரவு.
ஒரு மணி ஐம்பத்தொன்பதுவரை போன கைபேசி
சத்தமில்லாமல் மறுபடி ஒரு மணி என்றது.
அடுப்பின் கடிகாரம் மட்டும்
கோடையிலேயே நின்றது.
"இந்த ஒரு மணி நேரம் கணக்குல வராது" என்று
சோபாவில் காலை மடக்கிக்கொண்டு சொன்னாள்.
ஜனவரியிலேயே படிப்பை விட்டாயிற்று.
கேரவன் தொழிற்சாலையில் ஜன்னல் ஒட்டுகிறாள்.
விதர்ன்ஸீயில் இருக்கும் அம்மாவுக்கு
மாதம் ஒரு மதிப்பெண் தயாரித்து அனுப்புகிறாள்.
கடைசியாக அனுப்பியது எழுபத்திரண்டு.
"கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்" என்றேன்.
அவள் சிரித்தாள்,
சிரிப்பு நடுவில் எங்கேயோ பாதை மாறியது.
தேநீர் போட எழுந்தேன்.
கெட்டில் மின்சாரத்தைக் குடிக்கும், வேண்டாம் என்றாள்.
போட்டேன்.
பிறகு நானும் ஒன்று சொன்னேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

காலையில் எங்களுக்குள் பேச்சு
வெண்ணெயைப் பற்றி மட்டும்.
பேருந்து வாசலில் பையைத் தூக்கிக் கொடுத்தவள்
"அம்மாகிட்ட..." என்று தொடங்கினாள்.
"உங்க அம்மாவை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
யார்க் வரைக்கும் யோசித்தேன்.

யார்க் தாண்டியதும் ஒரு குறுஞ்செய்தி:
டன்லின். அப்பவே தெரியும்.
மீட்டர்ல இன்னும் மூணு பவுண்டு எண்பது இருக்கு.