மார்ச் மாதக் கணக்கு

டுலூத்தில் ஏரி இன்னும் இறுகிக் கிடக்கிறது.
பனி தள்ளும் லாரிகளுக்கு வழி சொல்வது என் வேலை.
இரவு இரண்டு மணிக்கு மேல் ரேடியோ வாய்மூடும்.
அப்போது விரிப்பேன்
இருபத்து மூன்று பெயர் எழுதிய தாளை.

என் பெயரைக் கேள்விப்பட்டிராத ஆட்கள்.
எங்கோ வெயிலில் அவர்கள் அடிக்கும் பந்து
என் தாளில் எண்ணாக வந்து விழும்.
ஏட்டுச் சுரைக்காய்தான்.
ஆனாலும் செப்டம்பர் வரை
இதைத்தான் வேகவைத்துத் தின்றாக வேண்டும்.

கேட்சர், ப்ரூஸ்டர் ஹால்வர்சன்.
முப்பத்தாறு வயது, முட்டி இரண்டும் தேய்ந்தாயிற்று.
அவன் குந்தி எழுவதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது.
ஏலத்தில் ஒரு டாலர்.
ஒரு டாலருக்கு இந்த ஊரில் காபிகூட வராது.

முதல் தளத்தில் டாரியோ எஸ்பினால்.
போன வருஷம் முப்பத்தோரு ஹோம் ரன்,
அதில் பதினான்கு ஜூன் மாதத்திலேயே.
மிச்ச மாதமெல்லாம் காற்றை அடித்தான்.
இப்படி ஒருவனோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள் நான்;
ஜூனை நம்பி வருஷத்தை எழுதமாட்டேன்.

பிட்சர்கள் ஐந்து பேர்.
ஒருவனுக்கு மணிக்கட்டின் தசைநாணை எடுத்து
முழங்கையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.
ஆகஸ்டில் வருவானாம்.
ஒருவன் போன வாரம் தாடி வளர்த்தான், அதிலிருந்து பந்து வளைகிறதாம்.
மற்ற மூவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை,
அவர்களுக்கே இருக்காது.

நல்லவர்கள் எல்லாம் கர்ட்டிடம் போய்விட்டார்கள்.

வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் வாரம் மாற்றி வாரம்.
அணியைப் பற்றிக் கேட்டபோது
வக்கீல் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.
அதனால் ஓரின் டுவோமினென் கடையில்,
ஆணி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில்
நாணயம் சுண்டி
ஆளுக்கொருவராக எடுத்தோம்.

சுண்டலில் ஜெயித்தவன் கர்ட்.
இடக்கைக்காரன் விட் கேலவேயை எடுத்தான். சரி.
நான் எஸ்பினாலை எடுத்தேன், அவசரத்தில்.
அடுத்து அவன் வாயில் வரப்போகும் பெயர் எனக்குத் தெரியும்:
ஷார்ட்ஸ்டாப், அன்செல்மோ ரின்கோன்.
யாரும் சீந்தாத சின்ன லீகில், பத்தொன்பது வயதில்,
இதே நாற்காலியில் இதே நேரத்தில்
எண்களுக்கிடையில் நான் கண்டெடுத்த பையன்.
விடியக்காலையில் கர்ட்டை எழுப்பிச் சொன்னேன்.
'ம்' என்றான், புரண்டு படுத்தான்.

ஆனால் அன்று கர்ட் யோசித்து, யோசித்து
யாரோ ஒரு கிழட்டு மூன்றாம் தளத்துக்காரனைச் சொன்னான்.
நான் மூச்சு விடாமல் ரின்கோன் என்றேன்.

மறந்தானா, விட்டுக்கொடுத்தானா?
மாசக்கணக்கில் இந்தக் கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.

சரி, கூட்டிக் கழித்துப் பார்த்தால்
பத்து அணியில் நாலாம் இடம்.
எழுதி அடிக்கோடு போட்டேன்.

ரேடியோ கரகரத்தது. கெய்லன் ஆஸ்ட்பி:
"டார்லா, ஸ்கைலைன் சாலையில் மரம் விழுந்து கிடக்கு."
சுற்றிப் போகச் சொன்னேன்.
திரும்பினால் ஃபோனில் ஒரு வெளிச்சம்.
மணி மூன்றே முக்கால்.

கர்ட்தான்.
ரின்கோனைக் கொடு, கேலவேயைத் தருகிறேன்.
வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஆக, மறந்துதான் போயிருக்கிறான்.
அல்லது கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறான்.
அல்லது அவனுக்கும் தூக்கம் வரவில்லை.

கணக்குப்படி எனக்குத்தான் லாபம்.
கேலவே வந்தால் இரண்டாம் இடம்,
முழங்கைகள் ஒத்துழைத்தால் கோப்பைகூட.
மூன்று முறை கூட்டினேன், மூன்று முறையும் அதே விடை.

'முடியாது' என்பதை அழுத்தினேன்.
பிறகு பேனாவை எடுத்து
நாலை அடித்துவிட்டு
ஐந்து என்று திருத்தினேன்.
அவன் அடுத்து யாரிடம் கேட்பான் என்று தெரியும்.
ஓரின் கொடுத்துவிடுவான்.